சான் வான் தீவுகளில் குடியேற நினைப்போருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு வடமேற்கே, கனடாவின் வான்கூவர் தீவுக்கும் அமெரிக்கக் கரைக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் சான் வான் தீவுகள் 1873 முதல் ஒரே கவுன்டியாக (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிர்வகிக்கப்பட்டு வருகின்றன. நிலப்பரப்பில் மாநிலத்தின் மிகச் சிறிய கவுன்டி இதுவே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 17,788 பேர். நகராட்சியாக அமைந்த ஊர் ஃப்ரைடே ஹார்பர் ஒன்றுதான். மற்றவை எல்லாம் சிற்றூர்களும் பண்ணைகளும் காட்டுக்குள் ஒதுங்கிய வீடுகளுமே. கரையோடு இணைக்கும் பாலம் கிடையாது. கவுன்டி முழுவதிலும் போக்குவரத்து சிக்னல் ஒன்றுகூட இல்லை.

சியாட்டிலை அடுத்த பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் இங்கு வந்து, திமிங்கிலங்களையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டு, இங்கேயே குடிவந்துவிடலாமே என்று நினைப்பது இயல்பு. வீட்டிலிருந்தே கணினி வேலை செய்யும் வசதி வந்த பிறகு அந்த நினைப்பு சிலருக்குத் திட்டமாகவே மாறியிருக்கிறது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வீட்டைத் தேடுவதில் தொடங்குவதே பலரின் வழக்கம். என் கருத்தில் வருமானம், வீடு, தண்ணீர், படகு என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் உறுதி செய்துகொண்டு போவதே முறை. இந்த நான்கில் ஒன்று பிசகினாலும், எவ்வளவு அழகான இடத்தில் வீடு அமைந்திருந்தாலும் நிலைத்து வாழ்வது கடினம்.

முதல் படி: எந்தத் தீவு என்பதைக் குளிர்காலத்தில் முடிவு செய்யுங்கள்

வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மாநில அரசின் படகான ஃபெர்ரி நான்கு தீவுகளுக்கு மட்டுமே செல்கிறது. சான் வான் தீவில் கவுன்டி அலுவலகங்களும் நீதிமன்றமும் மருத்துவமனையும் உள்ளன. குதிரை லாடம் போல் வளைந்த ஓர்காஸ் தீவு மலைப்பாங்கானது. அதன் கான்ஸ்டிடியூஷன் மலை 730 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கடைவீதி ஈஸ்ட்சவுண்ட் என்ற ஊரில் இருக்கிறது. லோபெஸ் சமதளமான தீவு. பண்ணைகளும் மிதிவண்டிக்காரர்களும் நிறைந்தது. எதிரே வரும் வண்டிக்காரருக்குக் கையசைத்துவிட்டுப் போவது அங்கே எழுதப்படாத சட்டம். ஷா தீவில் சில நூறு பேர்தான் வாழ்கிறார்கள். அதன் படகுத் துறையைக் கன்னியாஸ்திரிகள் பல ஆண்டுகள் நடத்தி வந்தார்கள். வால்ட்ரன், டெக்கேட்டர், ஸ்டூவர்ட் போன்ற வெளித் தீவுகளுக்கு அரசுப் படகு கிடையாது. சொந்தப் படகும் அதைச் செலுத்தும் அனுபவமும் இல்லாத புதியவர்கள் அவற்றை நினைக்காமல் இருப்பதே நல்லது.

ஜூலையில் பார்க்கும் தீவும் ஜனவரியில் பார்க்கும் தீவும் ஒன்றல்ல. ஜூனில் பகல் 16 மணி நேரம் நீள்கிறது. டிசம்பரில் அது 8 மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. கோடையில் நிரம்பி வழிந்த உணவகங்களில் பல குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும், அல்லது வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறக்கும். கனடாவின் ஃப்ரேசர் பள்ளத்தாக்கு வழியாக வரும் வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் மரங்கள் மின்கம்பிகளின் மேல் விழும். ஆகவே ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்து, விடுதியில் அல்லாமல் ஒரு வாடகை வீட்டில், சமைத்துச் சாப்பிட்டு, நூலகத்துக்கும் கடைக்கும் போய்வந்து, இரண்டு வாரமாவது இருந்து பாருங்கள். அந்த அமைதி உங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: உங்கள் வருமானம் எங்கிருந்து வரும்?

இந்தக் கவுன்டியின் பொருளாதாரம் இரண்டு அடுக்குகளால் ஆனது. தனிநபர் வருமானத்தின் சராசரியைப் பார்த்தால் மாநிலத்தில் முன்னணியில் நிற்கும் கவுன்டிகளில் இதுவும் ஒன்று. உள்ளூர் வேலைகளுக்குக் கிடைக்கும் சராசரி ஊதியத்தைப் பார்த்தாலோ கீழ்வரிசைக்கு வந்துவிடும். இந்த முரணுக்குக் காரணம், இங்கு புழங்கும் பணத்தில் பெரும்பகுதி பங்கு ஈவு, வட்டி, வாடகை, ஓய்வூதியம் என வெளியிலிருந்து வருவதுதான். மக்களின் இடைநிலை வயது 55-ஐத் தாண்டிவிட்டது. வேறெங்கோ சம்பாதித்து முடித்தவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்க இங்கு வருகிறார்கள். அவர்களுக்கு வீடு கட்டுபவர்கள், தோட்டம் பராமரிப்பவர்கள், உணவு பரிமாறுபவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர்கள் ஆகியோரே ஊதிய அடுக்கைச் சேர்ந்தவர்கள். நீங்கள் எந்த அடுக்கில் வந்து சேரப்போகிறீர்கள் என்பதை முதலில் உங்களுக்கு நீங்களே தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இது எப்போதும் இப்படி இருந்த ஊர் அல்ல. 1880-களிலிருந்து ரோச் ஹார்பரின் சுண்ணாம்புச் சூளைகளும், ஃப்ரைடே ஹார்பரின் சால்மன் மீன் பதனிடும் ஆலைகளும், ஓர்காஸின் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்களும் தீவுகளுக்குச் சோறு போட்டன. மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பாசன வசதி வந்து, அங்கு விளைந்த பழங்கள் ரயிலேறத் தொடங்கியதும் தீவுப் பழத்தோட்டங்களால் போட்டியிட முடியவில்லை. சுண்ணாம்பும் மீன் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அந்த இடத்தைச் சுற்றுலாவும் கட்டுமானமும் மனை வணிகமும் நிரப்பியிருக்கின்றன.

சுற்றுலா வேலைகள் பெரும்பாலும் மே மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகின்றன. 2025இல் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.66 டாலர். அந்த ஊதியத்தில் ஆண்டு முழுவதும் வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும், வரிப் பிடித்தத்துக்கு முன் கைக்கு வருவது ஏறத்தாழ 34,650 டாலர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்கு ஒதுக்கினால் மாதத்துக்கு 960 டாலர் ஆகிறது. அந்த வாடகைக்கு இந்தத் தீவுகளில் ஒரு குடும்பம் வாழத் தகுந்த வீடு கிடைப்பது அரிது. ஆகவேதான் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவரை மாலையில் உணவகத்திலும் வார இறுதியில் தோட்ட வேலையிலும் நீங்கள் பார்க்க நேரும். பருவகால வேலைக்கு வருபவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வாஷிங்டனில் வேலையின்மை உதவித்தொகை பெற, கணக்கில் கொள்ளப்படும் ஆண்டில் 680 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். கோடை வேலையின் மணிக்கணக்கை எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள்; குளிர்காலத்தில் அது கைகொடுக்கும்.

ஆண்டு முழுவதும் நிலைத்த வேலை வேண்டுமானால் கவுன்டி நிர்வாகம், பள்ளிகள், மருத்துவமனை, மின் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தேவையான ஆட்களை ஈர்க்கவும் இருப்பவர்களைத் தக்கவைக்கவும் கவுன்டி நிர்வாகம் 2023 அக்டோபர் முதல் தன் ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வாரம் 32 மணி நேர வேலைமுறையைக் கொண்டுவந்தது. சிறு குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு அது பெரிய வரம். தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், குழந்தைக் காப்பாளர் ஆகியோருக்குத் தேவை ஓய்வதே இல்லை. மின்பணிக்கும் குழாய்ப்பணிக்கும் மாநில உரிமமும், ஒப்பந்த வேலை எடுப்பவர்களுக்குப் பதிவும் கட்டாயம் என்பதால், வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் அதை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும். அறிவியல் படித்தவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக்கூடம் 1904 முதல் ஃப்ரைடே ஹார்பரில் இயங்கி வருகிறது. 2008இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஒசாமு ஷிமோமுரா, 1960-களின் தொடக்கத்திலிருந்து, தம் ஆய்வுக்கான ஒளிரும் ஜெல்லிமீன்களைப் பிடித்தது இந்தத் துறைமுகத்தில்தான்.

சியாட்டில் நிறுவனத்தின் வேலையைக் கையோடு கொண்டுவர நினைப்பவர்கள், குறிப்பாக எச்-1பி விசாவில் இருப்பவர்கள், இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சான் வான் கவுன்டி சியாட்டில் பெருநகர்ப் பகுதிக்குள் அடங்காது. ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்தாலும், அந்த வீடு இங்கு மாறும்போது பணியிடம் மாறியதாகவே குடியேற்றச் சட்டம் கொள்ளும். நிறுவனம் தொழிலாளர் துறையின் புதிய சான்றைப் பெற்று, திருத்திய மனுவைத் தாக்கல் செய்த பின்னரே நீங்கள் இடம்பெயர வேண்டும். மேலாளர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது போதாது. நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகே வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

மூன்றாம் படி: கூரை

வீடுதான் இந்தக் கவுன்டியின் ஆறாத புண். இருக்கும் வீடுகளில் கணிசமானவை ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்குபவர்களுக்குச் சொந்தமானவை. குளிர்காலத்தில் அவை விளக்கில்லாமல் நிற்கும்போது, அதே ஊரில் ஆசிரியரும் செவிலியரும் வாடகைக்கு இடமின்றி அலைகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் எண்ணிக்கைக்குக் கவுன்டி மன்றம் வரம்பு விதித்திருப்பது இதனால்தான். வாங்கிய வீட்டை நாள் வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வருபவர்கள், அதற்கான அனுமதி கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே கவுன்டி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிப்படையாகச் சொல்வதானால், குடியிருக்க வருபவர்களையே இந்தத் தீவுகள் எதிர்பார்க்கின்றன. இன்னொரு வெற்று வீட்டை அல்ல.

புதியவர்கள் முதல் ஆண்டு வாடகைக்கு இருப்பதே நல்லது. விளம்பரங்களை மட்டும் நம்பினால் வீடு கிடைக்காது. நூலகப் பலகையிலும் கடை வாசல் பலகையிலும் உங்கள் தேவையை எழுதி ஒட்டுங்கள். வேலைக்குச் சேரும் இடத்தில் சொல்லி வையுங்கள். பல வீடுகள் வாய்ச்சொல்லிலேயே கைமாறுகின்றன. ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது, அக்டோபரிலிருந்து மே வரை மட்டும் தங்கவிட்டுக் கோடையில் வெளியேறச் சொல்லும் நிபந்தனை. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் அதை ஒருபோதும் ஏற்க வேண்டாம். 2025 மே முதல் நடைமுறையில் இருக்கும் மாநிலச் சட்டப்படி, குடியேறிய முதல் 12 மாதங்களில் வாடகையை உயர்த்தக் கூடாது. அதன் பிறகும் ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது. சில வகைக் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு என்பதால் உங்களுடையது எந்த வகை என்பதைக் கேட்டறியுங்கள்.

வாங்க விரும்புபவர்கள் வீட்டு விலையோடு இரண்டு உள்ளூர் வரிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1990இல் வாக்காளர்கள் ஒப்புதலுடன் தொடங்கப்பட்ட நிலப் பாதுகாப்பு வங்கிக்காக, மனை வாங்குபவர் விலையில் 1 விழுக்காடு செலுத்துகிறார். கடற்கரைகளும் மேய்ச்சல் நிலங்களும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது அந்தப் பணத்தால்தான். 2018இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட மலிவு வீட்டு வசதி வரி இன்னொரு 0.5 விழுக்காடு, அதிலும் ஏறக்குறைய முழுப் பங்கும் வாங்குபவரையே சேரும். 7,00,000 டாலர் விலையுள்ள வீட்டுக்கு இவ்விரண்டும் சேர்ந்து பத்தாயிரத்துச் சொச்சம் டாலர் ஆகிறது. வரிதான் என்றாலும், எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கக்கூடிய வரி.

ஊதியத்தை நம்பி வாழ்பவர்களுக்கு உண்மையான நம்பிக்கை சமூக நில அறக்கட்டளைகள்தான். ஓர்காஸில் ஓபல் அறக்கட்டளையும் லோபெஸில் லோபெஸ் சமூக நில அறக்கட்டளையும் 1989இல் தொடங்கப்பட்டன. சான் வான் தீவில் இல்ல அறக்கட்டளை ஒன்று பின்னர் அமைந்தது. முறை எளிது. நிலம் என்றென்றைக்கும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். வீட்டை மட்டும் குடும்பம் வாங்கி, நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் விற்கும்போது, ஒப்பந்தத்தில் உள்ள கணக்கின்படி வரும் விலைக்கே விற்க வேண்டும். இதனால் பெரும் இலாபம் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அடுத்து வரும் ஆசிரியர் குடும்பத்துக்கும் அந்த வீடு எட்டும் விலையில் இருக்கும். லோபெஸில் வீட்டைக் கட்டும் வேலையிலேயே குடும்பங்கள் தங்கள் உழைப்பைப் பங்காகச் செலுத்தியிருக்கின்றன. கனடாவின் விக்டோரியா நகரில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை அப்படியே பெயர்த்தெடுத்து, மிதவையில் ஏற்றிக் கடல் வழியாகக் கொண்டுவந்து, புதிய அடித்தளத்தில் இறக்கிக் குடும்பங்களுக்குக் கொடுத்ததும் இங்கு நடந்திருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். வருமான வரம்பும் உள்ளூர் வசிப்பு குறித்த விதிகளும் இருக்கும். ஆகவே வந்த முதல் மாதத்திலேயே விண்ணப்ப விவரங்களை வாங்கிவிடுங்கள்.

நான்காம் படி: தண்ணீர், மின்சாரம், இணையம்

பசுமையைக் கண்டு மழைக்குப் பஞ்சமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒலிம்பிக் மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதியில் இந்தத் தீவுகள் அமைந்திருப்பதால் தெற்குக் கரைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. அதுவும் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். ஜூலை, ஆகஸ்டில் தரை காய்ந்து வெடிக்கும். நிலத்தடியில் இருப்பது கடினப்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரைத்தான் ஆழ்துளைக் கிணறுகள் இறைக்கின்றன. கரையோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். உப்பேறிய கிணற்றை மீட்பது மிகக் கடினம்.

ஆகையால் வீட்டைப் பார்க்கும்போது சமையலறையை விடக் கிணற்றுக்கே அதிக நேரம் கொடுங்கள். எந்த மாதத்தில் இறைப்புச் சோதனை நடந்தது, நிமிடத்துக்கு எவ்வளவு நீர் வந்தது, கடல்நீர் கலப்பைக் காட்டும் குளோரைடு அளவு ஆண்டுக்காண்டு ஏறுகிறதா, ஆர்செனிக் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மார்ச் மாதச் சோதனையை நம்பாதீர்கள். ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ எடுத்த அளவுதான் கிணற்றின் உண்மை நிலையைச் சொல்லும். ஃப்ரைடே ஹார்பர் நகருக்குள்ளும் ஈஸ்ட்சவுண்டிலும் குழாய் நீர் இணைப்பு உண்டு. மற்ற இடங்களில் பல வீடுகள் சேர்ந்து ஒரு கிணற்றைப் பகிர்ந்துகொள்ளும் சங்கங்கள் இருக்கும், அதில் உங்கள் பங்கு என்ன என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் மனையை வாங்கிக் கட்ட நினைப்பவர்கள், போதிய நீர் இருப்பதை நிரூபிக்காமல் கட்டட அனுமதி கிடைக்காது என்பதை மறக்கக் கூடாது. கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்துப் பயன்படுத்தும் வீடுகளும் இங்கு உண்டு. சென்னையில் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி கட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கழிவுநீருக்கும் பொதுச் சாக்கடை சில ஊர்களில்தான். மற்ற வீடுகளில் செப்டிக் டேங்கும் அதன் கசிவு நிலமும் எந்த நிலையில் உள்ளன என்ற ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம் கடலடிக் கம்பிகள் வழியாகப் பெருநிலத்திலிருந்து வருகிறது. அதை வழங்கும் ஓபால்கோ என்னும் கூட்டுறவுச் சங்கம் 1937இல் உள்ளூர் மக்களால் அமைக்கப்பட்டது. இணைப்புப் பெறும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையுடையவர். புயல் நாட்களில் மின்வெட்டு சாதாரணம் என்பதால் விறகடுப்பு, உலர்ந்த விறகு, சில நாட்களுக்கான குடிநீர் ஆகியவற்றைக் கட்டாயம் வைத்திருங்கள். கிணற்று மோட்டாரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. மின்சாரம் போனால் தண்ணீரும் போகும். 2013 நவம்பரில் கடலடி ஒளியிழைக் கம்பி ஒன்று அறுந்தபோது தொலைபேசி, இணையம் மட்டுமின்றி 911 அவசர அழைப்புச் சேவையும் பல நாட்கள் பாதிக்கப்பட்டன. அந்த அனுபவத்துக்குப் பிறகு மின் கூட்டுறவே இணையச் சேவையில் இறங்கி, 2015இல் ராக் ஐலண்ட் என்ற உள்ளூர் நிறுவனத்தை வாங்கி, ஒளியிழை இணைப்புகளை விரிவாக்கியது. ஆனாலும் எல்லாத் தெருக்களுக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது என்று கருதிவிட வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பார்க்கும் வீட்டின் முகவரியைச் சொல்லி இணைப்பு உண்டா என்று கேட்டபின் முடிவெடுங்கள்.

ஐந்தாம் படி: ஃபெர்ரியோடு வாழப் பழகுதல்

அமெரிக்கக் கரையிலுள்ள அனகோர்ட்டஸ் படகுத் துறையிலிருந்து ஃப்ரைடே ஹார்பருக்கு நேராகச் சென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்; இடையில் மற்றத் தீவுகளில் நின்றால் இன்னும் கூடும். கட்டணம் அனகோர்ட்டஸிலிருந்து புறப்படும்போது மட்டும் வாங்கப்படுகிறது; திரும்பி வரும்போது கிடையாது. 18 வயது வரை உள்ளவர்களுக்கும், தீவுக்குத் தீவு நடந்து ஏறிச் செல்பவர்களுக்கும் இலவசம். கோடையில் வாகனக் கட்டணம் உயரும். பல பயணங்களுக்குச் சேர்த்து வாங்கும் அட்டை மலிவு என்பதால் குடியிருப்பவர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள்.

வாகனத்தோடு செல்ல முன்பதிவு செய்ய வேண்டும். பருவகால அட்டவணை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பகுதி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பகுதி, இரண்டு நாள் முன்பு ஒரு பகுதி என மூன்று தவணைகளில் இடங்கள் திறக்கப்படும். முதல் தவணையில் கிடைக்கவில்லை என்று மனம் தளராமல், அடுத்த தவணை திறக்கும் காலை நேரத்தைக் குறித்துவைத்து முயலுங்கள். புறப்படும் நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாவது துறையில் இருங்கள். தீவுகளுக்கிடையிலான பயணத்துக்கு முன்பதிவு கிடையாது. மாநில ஃபெர்ரி நிர்வாகத்தின் கப்பல்கள் பழையவை. பணியாளர் பற்றாக்குறையும் உண்டு. அறிவித்த பயணம் திடீரென ரத்தாவது இங்குள்ள வாழ்க்கையின் ஒரு பகுதி. விமான நிலையம், தூதரகம், பல்கலைக்கழகத் தேர்வு போன்ற தவறவிட முடியாத வேலைகளுக்கு முந்தைய நாளே கரைக்குப் போய்விடுங்கள். மருத்துவச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு, மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் இருந்தால் வாகனத்தை முன்னுரிமையில் ஏற்றும் வசதி உண்டு. புதியவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

ஆறாம் படி: மருத்துவமும் பள்ளியும்

ஃப்ரைடே ஹார்பரில் 2012இல் திறக்கப்பட்ட பீஸ் ஐலண்ட் மருத்துவமனையில் 10 படுக்கைகள் உள்ளன. ஓர்காஸிலும் லோபெஸிலும் மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன; அவற்றுக்காக மக்கள் சொத்து வரியில் ஒரு பங்கைத் தாங்களே வாக்களித்து ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, இதயச் சிகிச்சை ஆகியவற்றுக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். கருவுற்ற பெண்கள் பிரசவத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே கரையில் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அவசரத்தில் நோயாளியை ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ தூக்கிச் செல்வார்கள். லைஃப் ஃபிளைட் நெட்வொர்க் போன்ற சேவைகளில் ஆண்டுச் சந்தா செலுத்தி உறுப்பினராவது இங்குள்ள குடும்பங்களின் வழக்கம். ஊரிலிருந்து வயதான பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்குவதாக இருந்தால், அவர்களுக்கான பயணக் காப்பீடு வான்வழிப் போக்குவரத்தையும் உள்ளடக்கியதா என்பதைக் கேளுங்கள். இதயநோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பெற்றோரை நீண்டகாலம் இங்கு வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று பெரிய தீவுகளிலும் மேல்நிலை வரை அரசுப் பள்ளிகள் உள்ளன. ஷா தீவின் சிறு பள்ளி எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வகுப்புகள் சிறியவை, ஆசிரியருக்கு ஒவ்வொரு குழந்தையின் வீடும் தெரியும். ஆனால் பாடத் தெரிவுகள் குறைவு, தமிழ்ப் பள்ளிக்கு இணையத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: சமையலறையும் அக்கம்பக்கமும்

மளிகைக் கடைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எல்லாமே படகேறி வருவதால் விலை கரையை விடக் கூடுதல். புழுங்கல் அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, புளி, நல்லெண்ணெய் ஆகியவற்றை மூன்று மாதத்துக்குச் சேர்த்து, பாத்தல் கோயிலுக்கோ மருத்துவரிடமோ போகும் நாளில் வாங்கி வந்துவிடுங்கள். கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்து, குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் வசந்தத்தில் தோட்டத்திலேயே நன்றாக வரும். மான்களுக்கு எட்டாத உயரத்தில் வேலி போட்டிருந்தால் மட்டும். நண்டு பிடிக்கவும் சிப்பி தோண்டவும் மாநில உரிமம் வேண்டும். சிப்பி எடுக்கும் நாளில் அந்தக் கடற்கரை பாதுகாப்பானதா என்று மாநிலச் சுகாதாரத் துறையின் வரைபடத்தைப் பார்க்காமல் எடுக்கவே கூடாது, ஏனெனில் பாசி நஞ்சு சமைத்தாலும் போகாது.

உள்ளூர்ப் பண்ணைகளிடம் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முன்பு இங்குள்ள பண்ணையாளர் இறைச்சியைச் சட்டப்படி விற்க வேண்டுமானால் ஆட்டையும் மாட்டையும் படகேற்றிக் கரையிலுள்ள அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தச் செலவிலேயே இலாபம் கரைந்தது. லோபெஸ் சமூக நில அறக்கட்டளை முன்கையெடுக்க, பண்ணையாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, மத்திய வேளாண் துறையின் ஆய்வாளர் உடனிருக்கும் நடமாடும் அறுவைக் கூடம் ஒன்றை 2002இல் பண்ணை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது அது. மின்சாரம், வீடு, இறைச்சி என இந்தத் தீவுகளில் உருப்படியாக நடந்தவை பலவும் இப்படிக் கூட்டாகச் சேர்ந்து நடந்தவையே. புதிதாக வருபவரும் அதில் ஒரு கை கொடுக்க வேண்டும். தீயணைப்புப் படைகள் பெரிதும் தன்னார்வலர்களை நம்பியிருக்கின்றன. பயிற்சியை அவர்களே தருவார்கள். உதவி தேவைப்படும் நிலை வந்தால் ஒவ்வொரு பெரிய தீவிலும் இருக்கும் குடும்ப வள மையத்துக்குத் தயங்காமல் போங்கள். வாடகை, மின்கட்டணம், உணவு ஆகியவற்றில் வழிகாட்டுவார்கள். குப்பையைப் பெரும்பாலோர் தாங்களே குப்பை சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்திப் போடுகிறார்கள். லோபெஸிலும் ஓர்காஸிலும் அங்கேயே இருக்கும் பழைய பொருள் மாற்றுக் கூடத்தில் நாற்காலியும் பாத்திரமும் புத்தகமும் கிடைக்கும் என்பதால், கரையிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி வர வேண்டியதில்லை.

எட்டாம் படி: மூட்டை கட்டும் நாள்

அக்டோபரில் குடிபெயருங்கள்; கூட்டம் வடிந்திருக்கும், படகில் இடம் எளிதாகக் கிடைக்கும், வீட்டுக்காரரும் பேரம் பேச இசைவார். ஃபெர்ரிக் கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது: 14 அடிக்குக் குறைவானது மலிவு, 22 அடிக்கு மேல் போனால் வேகமாக ஏறும். வாடகை லாரியை எடுக்கும்போது அதன் முழு நீளத்தையும் உயரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதே அளவைச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். அளவு தவறினால் துறையில் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். சமையல் எரிவாயு சிலிண்டர்கள் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். வந்து சேர்ந்ததும் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை 10 நாட்களுக்குள் மாற்ற வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் 30 நாட்களுக்குள் வாஷிங்டன் உரிமம் பெற வேண்டும். அதே வாரத்தில் நூலக அட்டை, மின் கூட்டுறவு உறுப்பினர் பதிவு, மருத்துவ நிலையத்தில் புதிய நோயாளி பதிவு ஆகிய மூன்றையும் முடித்துவிடுங்கள். மருத்துவப் பதிவுக்குத்தான் காத்திருக்க நேரலாம் என்பதால் அதை முதலில் செய்யுங்கள்.